பேராசை எவருடையது?

வடக்கு, கிழக்கில் நுண்கடன் சுமையினால் குடும்பங்கள் சிதைந்து போவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கருத்து தவறாமல் முன்வைக்கப்படுகின்றது. வரவுக்கு மிஞ்சிய ஆசையே இம்மக்களைக் கடனாளிகளாக்கியது என்பதே அதுவாகும். கிறிஸ்தவப் பிரசங்கங்களிலும் இக்கருத்து ஒலிப்பதுண்டு. ஆனால், பேராசையைப் பற்றி விவிலியம் கூறுவதைச் சற்று நிதானமாக வாசித்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் வேறொருவராக இருக்கக் காண்கின்றோம்.

லூக்கா நற்செய்தியின் 12 ஆம் அதிகாரத்தில் வரும் செல்வந்தனின் உவமையை எடுத்துக்கொள்வோம். நிலம் அமோகமாக விளைகின்றது. பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியவற்றைக் கட்ட அவன் திட்டமிடுகின்றான். அன்றிரவே அவனது உயிர் கேட்கப்படுகின்றது. இவன் களவெடுத்தவனல்லன், கடன்பட்டவனும் அல்லன். போதியளவு கிடைத்த பின்னரும் தன்னோடு மாத்திரமே பேசிக்கொள்கின்றான். அவனது கணக்கில் அயலவர் என்று எவரும் இல்லை. அதுவே அவன் மீதான குற்றச்சாட்டு.

2009 இல் யுத்தம் முடிவுக்கு வந்ததும் வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் வன்னி வரை வந்து சேர்ந்தன. மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, தொலைக்காட்சிப் பெட்டி என அனைத்தும் தவணைக்குக் கிடைத்தன. பல ஆண்டுகளாக மின்சாரமின்றி வாழ்ந்த குடும்பம் குளிர்சாதனப் பெட்டியொன்றை விரும்பியதைப் பேராசை என்பது நியாயமாகாது. நன்றாக வாழ விரும்புவது தவறன்று என்பதைப் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் 1991 இல் வெளியிட்ட 'சென்ட்டேசிமுஸ் ஆனுஸ்' சுற்றுமடலிலேயே ஏற்றுக்கொண்டிருந்தார். மனிதன் எத்தகையவனாக இருக்கின்றான் என்பதைவிட எவற்றை வைத்திருக்கின்றான் என்பதையே பெரிதாக்கும் வாழ்க்கை முறையைத்தான் அவர் கண்டித்தார். அத்தகைய வாழ்க்கை முறை கிராமத்தில் தானாக முளைப்பதில்லை; அது விளம்பரத்தோடும் விற்பனை முகவரோடும் வந்து சேர்கின்றது.

நுண்கடன் வழங்கப்படும் முறையையும் பார்க்க வேண்டும். பெண்கள் சிலர் ஒரு குழுவாக்கப்பட்டு, ஒருவருக்கு மற்றவர்கள் பிணை நிற்கின்றனர். ஒருத்தி தவணை தவறினால் ஏனையோர் செலுத்த வேண்டும். கணவனை இழந்தவளின் வாசலில் பணம் கேட்டு நிற்பவள் அவளது பக்கத்து வீட்டுக்காரியே. அயலவரை நேசிக்கச் சொன்ன மார்க்கத்தவர்கள் வாழும் ஊரில் அயலுறவே அடகுப் பொருளாகிவிட்டது. உவமையின் செல்வந்தன் அயலவரை மறந்தான். இங்கே அயலவரையும் இலாபமாக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன்களுக்கு 220 வீதம் வரை வட்டி அறவிடப்படுவதாகச் சுட்டிக்காட்டினார். 2016 இலேயே நுண்நிதிச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருந்தது என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

ஏழையிடம் வட்டி வாங்கலாகாது என்று யாத்திராகமத்தின் 22 ஆம் அதிகாரம் விதிக்கின்றது. வட்டியை ஹராமாக்கிய இஸ்லாம், செல்வத்தைப் பெருக்கும் போட்டியைக் கண்டிப்பதற்கென்றே 'அத்தகாதுர்' என்ற அத்தியாயத்தைக் கொண்டுள்ளது. இரு மார்க்கங்களும் கடன் கொடுப்பவனை நோக்கியே முதலில் விரலை நீட்டுகின்றன. நமது பிரசங்கங்களோ கடன் வாங்கியவளை நோக்கி நீட்டுகின்றன. தவணை அட்டையோடு பூசைக்கு வருபவளைக் கண்டிப்பது எளிது. திருவிழாவுக்குப் பெருந்தொகை நன்கொடை தரும் நிதி நிறுவன உரிமையாளரிடம் வட்டி வீதத்தைக் கேட்பது அவ்வளவு எளிதன்று!

2025 ஜூபிலி ஆண்டை முன்னிட்டு, வறிய நாடுகளின் கடன்களை இரத்துச் செய்யுமாறு காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் செல்வந்த நாடுகளைக் கோரியிருந்தார். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்திய நம் நாட்டில் அக்கோரிக்கைக்கு வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை. நாட்டின் கடனுக்காகக் கேட்ட அதே நியாயத்தைக் கிராமத்துப் பெண்ணின் கடனுக்காகவும் கேட்கத் திருச்சபைகள் தயாரா? சிக்கன, கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் நமக்குப் புதியவை அல்ல. அவற்றுக்கு மூலதனமாக எந்தப் பங்கு தனது திருவிழா நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கப் போகின்றது என்பதை வரும் ஆண்டின் வரவு செலவுக் கூட்டங்களிலேயே கேட்கலாம்.