எட்டுப் பாட்டு எட்டாகவே இருக்கட்டும்

நீளமான பதிவு இது. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படிக்கலாம். திட்ட நினைப்பவர்கள் கடைசி வரி வரை பொறுத்துக்கொண்டு திட்டலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தான். அவன் பெண் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். "தாத்தா, நீங்க சொல்ற பாப் டிலனை இப்ப நானும் கேக்கறேன். இன்ஃபிடல்ஸ்ல முதல் பாட்டே என்னமா இருக்கு! பிளைண்ட் வில்லி மெக்டெல்!" என்றாள். அந்தப் பாட்டு அந்த ஆல்பத்தில் கிடையவே கிடையாதே அம்மா என்றேன். தாத்தாவுக்கு ஞாபகம் தப்புகிறது என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைபேசியை நீட்டினாள். 1983இல் வந்த அதே அட்டைப்படம். அடியில் பத்துப் பாட்டு. நான் நாற்பது வருஷமாகக் கேட்ட வரிசை அதில் இல்லை. இரண்டு பாட்டைக் காணோம். புதிதாக நான்கு வந்து உட்கார்ந்திருக்கின்றன. தயாரித்தவர்: அவள் அப்பா. பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

"மாமா, அதுதான் உண்மையில் வந்திருக்க வேண்டிய ஆல்பம்" என்றான்.

அன்று இரவு இதை நம் பழைய மாணவர் குழுவில் போட்டது என் தப்பு. ஒரே வாரத்தில் இன்னும் மூன்று பேர் அவரவர் 'திருத்திய' பட்டியலை அனுப்பிவிட்டீர்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் பட்டியலையும் திருத்தினீர்கள். டிலனை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். (யாரோ ஒரு அமெரிக்கப் பாட்டுக்காரருக்காக வாத்தியார் ஏன் மல்லுக்கு நிற்கிறார் என்று கேட்கிற உறவினர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம், கோபமில்லை.) டிலன் 1979க்கும் 1981க்கும் நடுவில் மூன்று ஆல்பங்கள் முழுக்கக் கிறிஸ்தவ பக்தியில் மூழ்கிக் கிடந்தார். பாதி ரசிகர்கள் கைகழுவிவிட்டார்கள். அதற்குப் பிறகு 1983இல் வந்தது இன்ஃபிடல்ஸ். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் மார்க் நாப்ஃப்ளர் உடனிருந்து தயாரித்தார், கிடாரும் வாசித்தார். ரோலிங் ஸ்டோன்ஸில் இருந்த மிக் டெய்லர் இன்னொரு கிடார். டிரம்ஸுக்கும் பாஸுக்கும் ஜமைக்காவிலிருந்து ஸ்லை டன்பரும் ராபி ஷேக்ஸ்பியரும். ஒலிப்பதிவு முடிகிற நேரத்தில் நாப்ஃப்ளர் தன் குழுவின் கச்சேரிப் பயணத்துக்குப் போக வேண்டியதாயிற்று. டிலன் தனியாக உட்கார்ந்து சில பாட்டுகளை மறுபடி பாடினார், சிலவற்றைத் தூக்கி வெளியே வைத்தார். அப்படி வெளியே போனவற்றில் ஒன்று பிளைண்ட் வில்லி மெக்டெல். டிலன் பியானோ, நாப்ஃப்ளர் கிடார், அவ்வளவுதான். 1959இல் இறந்துபோன ஜார்ஜியா மாநிலத்துக் கண்பார்வையற்ற ப்ளூஸ் பாடகர் ஒருவரின் பெயரை வைத்துக்கொண்டு அடிமை வாழ்வின் கொடுமை முழுவதையும் ஆறு நிமிஷத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துகிற பாட்டு. அதிகாரப்பூர்வமாக வெளிவந்தது 1991இல்.

முதலில் என் பக்கத்துப் பலவீனத்தை நானே சொல்லிவிடுகிறேன். அந்த எட்டுப் பாட்டில் எதுவும் இதற்கு உறை போடக் காணாது. ஜோக்கர்மேன் பக்கத்தில் வரும், அவ்வளவுதான். இதைக் கழற்றி வெளியே வைத்தது தவறு என்றுதான் எனக்கும் படுகிறது. பாட்டு இன்னும் முழுதாக உருவாகவில்லை என்று பின்னாளில் ஒரு பேட்டியில் டிலன் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்தத் தவறு அவருடையது. என் கேள்வி அதுதான்: அவர் செய்த தவறை அவர் கையிலிருந்து பிடுங்க நீங்கள் யார்?

எதைச் சேர்க்கிறீர்கள் என்பதைவிட எதை எடுக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நான்கு பட்டியலையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான்கிலும் நெய்பர்ஹுட் புல்லி இல்லை. மூன்றில் யூனியன் சன்டவுன் இல்லை. முதலாவது, இஸ்ரேலுக்கு வக்காலத்து என்று எல்லோரும் எடுத்துக்கொண்ட பாட்டு. அதன் அரசியல் எனக்கும் ஒப்பாது. இரண்டாவது, அமெரிக்கத் தொழிற்சாலைகள் வெளிநாட்டுக்குப் போனதைப் பற்றிய புலம்பல். எந்தச் சாமான் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று மளிகை லிஸ்ட் மாதிரி அடுக்குவார். நாய்க் கழுத்துப்பட்டை இந்தியாவிலிருந்து வருகிறதாம்! பாட்டாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் பக்தியிலிருந்து பாதி வெளியே வந்து, உலகத்தின்மேல் எரிச்சலோடு, சரியும் தப்பும் கலந்து பேசிக்கொண்டிருந்த நாற்பத்திரண்டு வயது மனிதர் ஒருவர் அந்த எட்டில் இருக்கிறார். நீங்கள் எடுத்தது இரண்டு பாட்டு இல்லை ஐயா, அந்த மனிதரில் உங்களுக்குச் சங்கடமான பாதி. மீதியிருப்பவர் உங்களுக்குப் பிடித்த மாதிரியே பேசுகிறார். பின்னே பேசமாட்டாரா?

"பழையது அழிஞ்சா போச்சு மாமா? அது அங்கேயேதானே இருக்கு" என்பது மருமகனின் வாதம். 1994 பேட்ச் நண்பர் ஒருவரும் இதையே நாலு பத்தியில் எழுதியிருந்தார். அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் உன் மகளுக்கு இல்லையே அப்பா. அதே அட்டை, அதே பெயர், அதே வருஷம் போட்டுக் கொடுத்தாய். அவள் எதை வைத்துச் சந்தேகப்படுவாள்? 'அப்பாவின் தொகுப்பு' என்று பெயர் வைத்திருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். நம் ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் கண்டால் என்ன செய்தார்கள்? மூலத்தை மேலே வைத்து, மற்றதை அடிக்குறிப்பில் வைத்தார்கள். ரசிகமணி டி.கே.சி. கம்பனில் எத்தனையோ பாடல்களை இது கம்பன் வாக்கில்லை என்று ஒதுக்கினார், சொற்களையும் மாற்றினார். அவர் ரசனைக்கு முன்னால் நான் தூசு. ஆனாலும் அது டி.கே.சி. பதிப்பு என்று ஊருக்கே தெரியும். சண்டை போடவும் ஆளிருந்தார்கள், ஒப்பிட வேறு பதிப்பும் அலமாரியில் இருந்தது.

இன்னொன்று. பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷத்துக்குமேல் வைத்தால் ஒலி மெலிந்துவிடும். ஒன்றை உள்ளே விட்டால் ஒன்றை வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும். கைபேசிப் பட்டியலுக்கு அந்த நெருக்கடி கிடையாது. ஒருவர் பன்னிரண்டு பாட்டு வைத்திருக்கிறார், இன்னொருவர் ஒரே பாட்டின் இரண்டு வடிவங்களையும் சேர்த்துவிட்டார். எதையும் இழக்காமல் தேர்ந்தெடுப்பதற்குத் தேர்வு என்றா பெயர்?

'கலைஞனே கலைத்து அடுக்கினால் மட்டும் சரியா' என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. சரிதான் அம்மா. பிளட் ஆன் த டிராக்ஸ் 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் பதிவாகி முடிந்துவிட்டது. அட்டை அச்சாகிவிட்டது. டிசம்பர் கடைசியில் சொந்த மாநிலத்துக்குப் போன டிலன், தம்பி சொன்ன யோசனையைக் கேட்டு, மின்னியாபோலிஸில் உள்ளூர்க் கலைஞர்களை வைத்துப் பத்தில் ஐந்து பாட்டை மறுபடி பதிவு செய்தார். ஜனவரியில் தட்டு வெளியாயிற்று. அட்டை முன்பே அச்சானதால் அந்த மின்னியாபோலிஸ் ஆட்களின் பெயர் அதில் இல்லை. பாவம், எத்தனை வருஷம் மனசு அடித்துக்கொண்டிருக்கும்! நியூயார்க் வடிவமே மேல் என்று சத்தியம் செய்கிற ரசிகர்கள் இன்றைக்கும் உண்டு. இருக்கட்டும். டிலன் தன் பெயரைப் பணயம் வைத்துக் கலைத்தார். கெட்டுப்போயிருந்தால் ஏச்சு அவருக்கு. உங்கள் பட்டியல் கெட்டுப்போனால் உங்களுக்கு என்ன நஷ்டம்? மறுநாள் காலையில் வேறு பட்டியல்.

மெக்டெல் பாட்டுக்கும் அவர் தன் நேரத்தில்தான் திரும்பினார். த பேண்ட் குழு 1993இல் அதைப் பாடி வெளியிட்டது. அதைக் கேட்ட பிறகு, 1997இலிருந்து டிலன் மேடையில் பாடத் தொடங்கினார். பதினாலு வருஷம் ஆயிற்று. ஆகட்டுமே.

இவ்வளவு சூடு எதற்கு என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். முப்பத்துநாலு வருஷம் சிவப்பு மையோடு வாழ்ந்தவன் நான். ஒரு வருஷம் மாவட்டக் கட்டுரைப் போட்டிக்கு, அப்பாவின் சைக்கிள் கடையைப் பற்றி ஒரு பையன் எழுதிக் கொடுத்தான். நன்றாக எழுதியிருந்தான். நடுவில் ஒரு பத்தியில், பஞ்சர் ஒட்டத் தாமதமானதற்கு அப்பா காற்றடிக்கும் பம்ப்பால் அடித்ததைச் சொல்லியிருந்தான். இது போட்டிக்கு வேண்டாமே என்று அதை எடுத்தேன். கடைசிப் பத்தியைத் தூக்கி முதலில் வைத்தேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. பிரார்த்தனைக் கூட்டத்தில் அதை வாசிக்கச் சொன்னபோது பையன் என்னிடம் வந்து, "சார், நீங்களே வாசிச்சிருங்க. இது நான் எழுதினது இல்ல" என்றான். தன்னடக்கம் என்று நினைத்து முதுகில் தட்டினேன். அதற்குப் பிறகு அவன் ஒரு போட்டிக்கும் பேர் கொடுக்கவில்லை. பம்ப்படி வாங்கியதையும் கடையை நேசித்ததையும் ஒரே பக்கத்தில் வைக்கத் தெரிந்திருந்தது அந்தப் பிள்ளைக்கு. எனக்குத் தெரியவில்லை. அவன் இந்தப் பதிவைப் பார்த்தால், பெயர் போடாமல் விட்டதற்குக் காரணம் புரியும். மூலக் கட்டுரை என்னிடம் இல்லை தம்பி. நான் பத்திரப்படுத்தவில்லை.

மருமகனுக்கு: வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்ணை அழைத்துக்கொண்டு வா. 1986இல் உன் பெரிய மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட் இன்னும் ஓடுகிறது. இரண்டாவது பக்கத்தில் ஓரிடத்தில் நாடா சிக்கும், பென்சில் தயாராக வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, எட்டையும் கேட்போம். அது முடிந்ததும் பிளைண்ட் வில்லி மெக்டெல்லை நானே போட்டுக் காட்டுகிறேன். யூனியன் சன்டவுன் வரும்போது மட்டும் காபி போடுகிறேன் என்று யாரும் எழுந்து போகக் கூடாது.