அரக்கனுக்கு எதுக்கு சார் பேரம்?

கடைசியாக நீங்கள் எப்போது முகமூடி வாங்கினீர்கள்?

'முகமூடியா? அது எதுக்கு எனக்கு?' என்பீர்கள். 2020-க்கு அப்புறம் மாஸ்க் என்றாலே காதில் மாட்டுகிற துணிதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. நான் கேட்பது வேறு. உருட்டிய விழி, கோரைப்பல், முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு... வீடு கட்டும்போது சாரத்தில் கட்டித் தொங்கவிட்டீர்களே, அது. கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் கழற்றினீர்களே, எங்கே போட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா?

இருக்காது. ஏனென்றால் அதை வாங்கியதே நீங்கள் இல்லை. 'திருஷ்டி பொம்மை ஒண்ணு மாட்டிடுங்க மேஸ்திரி' என்று சொன்னதோடு உங்கள் வேலை முடிந்துவிட்டது. டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்கினீர்கள். பாத்ரூம் குழாய்க்குக் குடும்பமே போனது. வீட்டுக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த முகத்தை மட்டும் மேஸ்திரி பார்த்துக்கொண்டார்.

சமீபத்தில் ஏற்காட்டிலிருந்து நாகலூர் பக்கம் போயிருந்தேன். காபிச் செடிகள், மேலே சில்வர் ஓக், அதைச் சுற்றி ஏறும் மிளகுக் கொடி. இதற்கு நடுவே கீழ்நாட்டுக்காரர்கள் கட்டிக்கொண்டிருக்கும் காட்டேஜ்கள். கட்டி முடியாத கட்டடம் ஒவ்வொன்றிலும் ஓர் அரக்கன். வேடிக்கை என்னவென்றால், வரிசையாக எல்லாம் ஒரே முகம். ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக். ஒரே ஒரு கட்டடத்தில் மட்டும் காகிதத்தில் செய்த முகம் தொங்கியது. மலைப் பனியில் ஊறி மூக்கு கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆனால், செய்தவர் ஒரு புருவத்தை மட்டும் மேலே தூக்கிவிட்டிருந்தார். 'நீயெல்லாம் மலையில வீடு கட்டறியா?' என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அந்தப் புருவத்துக்காகத்தான் இந்த வாரம் சண்டை.

காட்டேஜ் முடிந்ததும் அந்தப் புருவம் குப்பைக்குப் போகும். அதே ஓனர் வரவேற்பறைச் சுவருக்கு ஆப்பிரிக்க முகமூடி தேடுவார். 'எத்னிக் லுக்' வேண்டுமாம். ஆப்பிரிக்க முகமூடியை நான் குறை சொல்லவில்லை. 1907-ல் பிகாஸோ பாரீஸின் த்ரோக்கதேரோ மியூசியத்தில் அவற்றைப் பார்த்து ஆடிப்போனார். அந்த வருஷம் அவர் வரைந்த பெண்களில் இரண்டு பேரின் முகமே முகமூடி மாதிரி ஆகிவிட்டது. ஐரோப்பிய ஓவியத்தின் திசையே மாறியது. சரி. ஆனால் பிகாஸோவை மிரட்டிய சங்கதி நம் ஊர்ச் சாரத்தில் தொங்கினால் அதற்குப் பெயர் 'இதர செலவு'. இது என்ன நியாயம்?

'அதுல என்ன சார் கலை இருக்கு?' என்று கேட்பவர்கள், ஒரு முகமூடி எப்படி உருவாகிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும். முதலில் களிமண்ணில் முகம் பிடிக்க வேண்டும். அதன்மேல் பழைய பேப்பரைக் கிழித்துப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். ஒரு அடுக்கு கூடினால் மூக்கு மழுங்கும். குறைந்தால் தாடை மடங்கும். காய்ந்தபிறகு அச்சிலிருந்து கிழியாமல் உரிக்க வேண்டும். வெள்ளை பூசி, தேய்த்து, பிறகுதான் பெயின்ட். பிளாஸ்டிக் அச்சுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ரொம்ப எளிது. பிளாஸ்டிக்கில் முகத்தை ஒரு தடவை யோசித்தால் போதும். களிமண்ணில் ஒவ்வொரு தடவையும் யோசிக்கலாம். அந்த 'லாம்'தான் கலை.

மேற்கு வங்காளத்தில், புருலியா மாவட்டத்தில் சரிதா என்று ஒரு கிராமம். சாவ் நடனத்துக்கு வேண்டிய முகமூடிகளைச் செய்யும் ஊர். அங்கும் இதே களிமண், இதே காகிதம், இதே பசைதான். அச்சில் ஒட்டாமலிருக்க நடுவில் கொஞ்சம் சாம்பல் தூவிக்கொள்கிறார்கள். 2010-ல் சாவ் நடனம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2018-ல் புருலியா முகமூடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அசாமில் பிரம்மபுத்திராவின் நடுவே மாஜுலித் தீவு. அங்குள்ள வைணவ மடங்களில் மூங்கிலைப் பின்னி, துணி சுற்றி, களிமண்ணும் சாணியும் பூசி முகமூடி செய்கிறார்கள். சிலவற்றுக்குத் தாடை அசையும், பேசும். அந்த வேலையில் ஆயுளைச் செலவழித்த ஹேமச்சந்திர கோஸ்வாமிக்கு 2023-ல் பத்மஸ்ரீ. 2024-ல் அந்த முகமூடிக்கும் புவிசார் குறியீடு. திருஷ்டி பொம்மை செய்கிறவருக்கு ஒரு சால்வையாவது போர்த்த வேண்டும் என்று நம்மில் யாருக்காவது தோன்றியிருக்கிறதா?

'அங்கே அது நாடகம், பக்தி. இங்கே மூடநம்பிக்கை' என்று பகுத்தறிவு நண்பர்கள் கிளம்புவார்கள். அவர்களுக்கு இரண்டு பதில்.

ஒன்று, நாடகமும் பக்தியும் நம்மிடமும் இருக்கின்றன. தஞ்சாவூர் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கிறது. பிரகலாதன் கதையில் நரசிம்மராக வருகிறவர் அணியும் முகமூடி, சாமியாக வைத்துப் பூஜிக்கப்படுவது. விரதம் இருந்துதான் அதை அணிகிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இரண்டாவது, எனக்கும் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து என் வீட்டுச் சுவர் விரிசல் விட்டால், அது சிமென்ட்டில் கலந்த மணலின் கோளாறு. ஆனால் சாமி கும்பிடாதவன் சோழர் காலச் செப்புத் திருமேனியை ரசிக்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லையே! கூலி வேலை என்பதால்தானே அரக்கனுக்கு மட்டும் இந்தக் கெடுபிடி?

இதைவிடக் கனமான ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த அரக்கன் ஏன் எப்போதும் கறுப்பாக இருக்கிறான்? ஏன் முறுக்கு மீசை? அந்தச் சாரத்தில் சிமென்ட் சட்டி தூக்குகிற ஆளின் நிறமும், ஊர் எல்லையில் நிற்கும் நம் குலசாமியின் மீசையும் எப்படிப் பேய்க்குப் போய்ச் சேர்ந்தன? தமிழ் சினிமா வில்லனுக்கும் இந்தப் பொம்மைக்கும் முகம் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. கறுப்பென்றால் பயம், மீசையென்றால் முரடு என்று நம் மனசில் இருக்கும் அழுக்கைத்தான் அது திருப்பிக் காட்டுகிறது.

அதற்கு வைத்தியம் பொம்மையை ஒழிப்பதில்லை. வேறு முகம் கேட்பது. இலங்கையின் தென்கரையில், முகமூடிகளுக்கென்றே மியூசியம் வைத்திருக்கும் அம்பலாங்கொடை பக்கம், சன்னி யக்குமா என்று ஒரு சடங்கு உண்டு. பதினெட்டு நோய்களுக்குப் பதினெட்டுப் பேய் முகங்கள். காது கேளாமைக்கு ஒன்று, பார்வை போனதற்கு ஒன்று, பேச்சு வராததற்கு ஒன்று. எது எது பயமுறுத்துகிறதோ அதற்கெல்லாம் ஒரு முகம் கொடுத்துவிட்டார்கள்.

நம் பதினெட்டு எது என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக் கடனின் மாதத் தவணைக்கு முகம் எப்படி இருக்கும்? மாதம் பிறந்தால் திறக்கும் வாயா? பிளான் அப்ரூவலுக்குக் காத்திருந்த நாட்களுக்கு? தண்ணி லாரிக்கு? வயிறு உப்பி, கண் வறண்டு இருக்குமோ? இப்படி ஒன்று செய்து தரச் சொன்னால், அந்தப் புருவத்தைத் தூக்கிவிட்ட மனுஷன் மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்?

கற்பனை இல்லாத ஊர் இல்லை இது. 2020 மார்ச்சில் சென்னையில் ஓர் ஓவியர் உடைந்த ஹெல்மெட்டில் காகிதத்தை ஒட்டி, சிவப்பு முட்களோடு கொரோனா தலை ஒன்று செய்தார். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் அதை மாட்டிக்கொண்டு ரோட்டில் நின்று, ஊரடங்கில் வெளியே வந்தவர்களை மிரட்டினார். உலகப் பத்திரிகைகளிலெல்லாம் படம் வந்தது. யோசித்தால் அதுவும் திருஷ்டி பொம்மைதான். கண்ணுக்குத் தெரியாத கெடுதலுக்கு ஒரு முகம் கொடுத்து வாசலில் நிறுத்துவது. பாராட்டினோமே! அதற்குள் மறந்தும்விட்டோம்.

இனி பள்ளிக்கூடங்களைப் பற்றி. 'மாஸ்க் மேக்கிங்' என்று ஒரு ப்ராஜெக்ட் கொடுக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா உட்கார்ந்து பேப்பர் தட்டில் ஓட்டை போட்டு, ஜிகினா ஒட்டி, எலாஸ்டிக் கோக்கிறார். பிள்ளை தூங்கிவிட்டது. மறுநாள் வகுப்பில் நாற்பது புலி, அல்லது நாற்பது ஸ்பைடர்மேன். 'நீட்னெஸ்'ஸுக்கு மார்க் வேறு. முகமூடிக்கு எதற்கய்யா நீட்னெஸ்? எந்தக் குழந்தையாவது மூன்று மூக்கு வைத்து, வாயை நெற்றியில் வரைந்துகொண்டு போனால் அதற்குத்தான் முதல் மார்க் போட வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? 'ஒழுங்கா பண்ணத் தெரியாதா?' என்று திருப்பி அனுப்புகிறோம். சோளக்கொல்லையில் பழஞ்சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பில் நாலு புள்ளி குத்தி, கோணலாக வாய் வரைந்துவிட்டுப் போகிற விவசாயிக்கு எந்த டீச்சரும் பாடம் எடுக்கவில்லை. குருவி பயந்தால் போதும் அவருக்கு. அந்தச் சட்டி நிஜமான முகமூடி. ஜிகினாத் தட்டு வெறும் ஹோம்வொர்க். பொம்மை செய்கிற ஒருவரை ஒரு மத்தியானம் வகுப்புக்குக் கூப்பிட்டு, பஸ் செலவோடு சம்பளமும் கொடுத்து, பிள்ளைகள் கையில் களிமண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். யூனிஃபார்ம் அழுக்காகும். ஆகட்டும்.

'எல்லாம் சரி சார், காகிதம் மழையில ஊறிடுதே, பிளாஸ்டிக்தானே தாங்கும்?' என்பது கடைசிக் கேள்வி. எதற்குத் தாங்க வேண்டும்? வீடு முடியும்வரை தொங்கினால் போதாதா? இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டுமென்றால் மேலே வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள்.

அடுத்த முறை வீடு கட்டும்போது, அல்லது உங்கள் மச்சான் கட்டும்போது, இந்த ஒரு வேலையை மேஸ்திரியிடம் விடாதீர்கள். செய்கிறவரைத் தேடி நேரில் போங்கள். உங்களுக்கு எதைக் கண்டால் பயம் என்று சொல்லுங்கள். செல்போனில் படம் காட்டி 'இதே மாதிரி' என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்ன விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லாதீர்கள். அரக்கனிடம் போய் யாராவது பேரம் பேசுவார்களா? பாதிப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். அவசரப்படுத்தக் கூடாது. களிமண் காய வேண்டும், அப்புறம் காகிதம் காய வேண்டும். வெயில் இல்லாவிட்டால் இன்னும் ஒரு வாரம் கூட ஆகும்.