தலை மட்டும் தப்பியது!

பறவையைப் பாடம் செய்கிறவனுக்கு உடல் பெரிதல்ல, தலைதான் சோதனை. தோலை உட்புறம் வெளியாகப் புரட்டி அலகுவரை உரிக்கவேண்டும். மண்டையின் பின்புறமாக மூளையை எடுக்கவேண்டும், கண்களைத் தோண்டவேண்டும். வாத்துக்கும் மரங்கொத்திக்கும் கழுத்து சிறுத்து, தலை பெருத்திருப்பதால், பிடரியில் தனியாகக் கீறினால்தான் தோல் கழலும். பூச்சி அரிக்காமலிருக்க அந்நாளில் தடவியது பாஷாணம்! இத்தனை செய்தும் அலகின் நிறம் மங்கிவிடும். வர்ணம் தீட்டித்தான் ஒப்பேற்றவேண்டும்.

நிறம் போயிற்று, பூச்சி அரித்தது என்று பழைய பறவைகளைக் கழித்துக் கட்டுவது சில காட்சிசாலைகளின் வழக்கம். அது சிக்கனமல்ல, அறியாமை. ஆக்ஸ்போர்டில் இருந்த டோடோவைப் பாருங்கள். மொரீஷியஸ் தீவில் 17-ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போன பறவை அது. அரித்துப்போன அதன் உடலில் தலையும் ஒரு காலுமே மிஞ்சின. டோடோவின் தோல் உலகில் வேறெங்கும் கிடையாது! அந்த மிச்சத்தை வைத்துத்தான், அதற்கு நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று 2002-ல் கண்டார்கள். லண்டனில் கூண்டில் வளர்ந்து தானாகச் செத்தது என்றே வெகுகாலம் நம்பிவந்தார்கள். 2018-ல் தலையை ஊடுகதிரில் படம் பிடித்தார்கள். பின்மண்டையில் ஈயக் குண்டுகள்!