செடிக்குக் கைராசி தெரியுமா?



வீட்டின் முன்னால் இரண்டு பாத்தி கட்டி, நாலு பூச்செடி வைத்து வளர்க்க வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். ஒரு விடுமுறை நாளில் நர்சரிக்குப் போகிறீர்கள். பூத்துக் குலுங்கும் ரோஜா ஒன்றையும், பெயர் தெரியாத வண்ணப் பூச்செடிகள் இரண்டையும் வாங்கி வருகிறீர்கள். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். இருபது நாள் கழிகிறது. மொட்டு உதிர்கிறது, இலை மஞ்சளாகிறது, ஒரு நாள் காலையில் செடி தலை சாய்ந்துவிடுகிறது. உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: "உனக்குக் கைராசி இல்லை. பாட்டி கையால் நட்டிருந்தால் பிழைத்திருக்கும்."

இந்தக் 'கைராசி' என்ற சொல்லைத்தான் நம் தோட்டங்களிலிருந்து முதலில் களையெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. செடி ஏன் செத்தது என்ற கேள்விக்கு அது விடை போலத் தோன்றுகிறது. ஆனால் அடுத்த செடியைக் காப்பாற்ற அது ஒரு வழியும் சொல்வதில்லை. "எனக்கு ராசி இல்லை" என்று நம்பிவிட்ட மாணவன் மேற்கொண்டு கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறான்.

"பாட்டி நட்டது பிழைக்கிறதே, அது உண்மைதானே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பாட்டி அந்த வாசலை நாற்பது ஆண்டுகளாகப் பெருக்கியவர். எந்த மூலையில் வெயில் விழும், எங்கே தண்ணீர் தேங்கும், எந்த மாதத்தில் எந்தக் கிளை வேர்விடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நெடுநாள் கவனித்துப் பெற்ற அறிவு அது. அதை அவரே ராசி என்று சொல்லிவிடுகிறார், அவ்வளவுதான். அந்த அறிவில் பெரும்பகுதியை ஓர் அளவுகோல், ஒரு கடிகாரம், ஒரு குறிப்பேடு ஆகியவற்றைக் கொண்டு நீங்களும் பெறலாம். ஆகவே செடியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இடத்தை அளந்து பாருங்கள்.

வெயிலை அளப்போம்

கள்ளக்குறிச்சி சுமார் 11.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் 21-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும், நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். இந்த இரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் சற்று வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் 21-ஆம் தேதி நண்பகலில் இந்தச் சாய்வு சுமார் 35 டிகிரி.

இதற்கும் பூச்செடிக்கும் என்ன தொடர்பு? கிழக்கு மேற்காக நீளும் 3 மீட்டர் உயரச் சுவர் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். டிசம்பர் 21 நண்பகலில் அதன் நிழல் வடக்குப் பக்கம் சுமார் 2.1 மீட்டர் தூரம் விழும். கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் 3-ஐ 35 டிகிரியின் டான் மதிப்பால் பெருக்கிப் பாருங்கள். நண்பகலில் மட்டும் என்றுகூட இல்லை. செப்டம்பர் 23-க்குப் பிறகு மார்ச் 21 வரை சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே விலகி உதித்து, மேற்கிலிருந்து தெற்கே விலகி மறைகிறது. எனவே அந்த ஆறு மாதமும் சுவரின் வடக்கு அடிவாரத்தில் நேர் வெயில் படுவதே இல்லை.

ஆடி மாதத்தில் அந்த இடத்தில் செண்டுமல்லி நட்டவருக்கு என்ன நேரும்? முதல் இரண்டு மாதம் செடி கொழுகொழுவென்று வளரும். புரட்டாசி பிறந்ததும் நிழல் வந்து மூடும். தண்டு நெடுநெடுவென்று நீண்டு, பூ குறைந்து, செடி சாயும். "நன்றாக இருந்த செடி; யார் கண் பட்டதோ!" என்பார்கள். யார் கண்ணும் படவில்லை. வெயில்தான் படவில்லை.

ஆகவே நடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை, மணிக்கு ஒருமுறை பாத்தியைப் பார்த்து, வெயிலா நிழலா என்று எழுதுங்கள். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் விழும் இடத்தில் செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, செம்பருத்தி, மல்லிகை ஆகியவற்றை வைக்கலாம். வெயில் ஏறினால்தான் இதழ் விரிக்கும் டேபிள் ரோஸுக்கும் அதுவே இடம். காலையில் மூன்று நான்கு மணி நேரம் வெயில் வந்து, பிறகு நிழல் விழும் இடத்துக்குக் கனகாம்பரம், காசித்தும்பை, நந்தியாவட்டை ஏற்றவை. மேலே சொன்ன வடக்குச் சுவரடியில் பூவை எதிர்பார்க்காமல், இலையழகுக்காகப் பெரணியையும் மணிபிளாண்டையும் வையுங்கள்.

வேரும் மூச்சு விடுகிறது

புதிதாகச் செடி வளர்ப்பவர்கள் தண்ணீர் குறைந்துதான் செடியைச் சாகடிக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அன்பு மிகுந்து தண்ணீர் ஊற்றியே சாகடிப்பவர்கள் பலர். வேர் உயிருள்ள உறுப்பு. அதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து அது ஆக்ஸிஜனைப் பெறுகிறது. அந்த இடைவெளிகள் முழுவதிலும் தண்ணீர் நிரம்பி நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடும். அதைப் பார்த்துவிட்டு நாம் இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவோம்!

மண்ணின் குணத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பாத்தியில் 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, முழுதும் வடிய விடுங்கள். மீண்டும் நிரப்பி, அளவுகோலை நட்டு, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 3 முதல் 7 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான பூச்செடிகளுக்கு அது நல்ல மண். அதைவிடக் குறைவாக இறங்கினால், களிப்பான கரிசல் மண்ணில் இது நேரும், மக்கிய தொழு உரம் கலந்து மேட்டுப்பாத்தி கட்டுங்கள். சரளை கலந்த செம்மண்ணில் தண்ணீர் மளமளவென்று இறங்கிவிடும். அங்கே நித்தியகல்யாணி தயங்காமல் வளரும். குளியலறைத் தண்ணீர் ஓடி எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் கல்வாழை செழிக்கும். நித்தியகல்யாணியையும் கல்வாழையையும் இடம் மாற்றி நட்டால், எந்த ராசிக்காரர் கையாலும் இரண்டும் நன்றாக வராது.

மலைப்பூவும் சமவெளியும்

மே மாதத்தில் உதகை மலர்க் கண்காட்சிக்குப் போனவர்கள் ஆசையோடு டேலியாவும் பிகோனியாவும் வாங்கி வருகிறார்கள். உயரம் கூடக் கூட, 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைகிறது. உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். கள்ளக்குறிச்சிக்கும் அதற்கும் 2,000 மீட்டருக்கு மேல் வேறுபாடு. அப்படியானால் 13 டிகிரிக்கும் மேற்பட்ட குளிரிலிருந்து அந்தச் செடியைப் பிரித்து, நம் ஊர்க் கோடையில் இறக்கிவிடுகிறோம் என்று பொருள். பழி மட்டும் நம் கைக்கு!

நம் கல்வராயன் மலை அவ்வளவு உயரமில்லை. பெரும்பாலும் 600 முதல் 900 மீட்டர்தான். இருந்தாலும் அடிவாரத்தைவிட நான்கு டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி உண்டு. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து மாணவர்கள் ரோஜா வளர்ப்பது கள்ளக்குறிச்சி மாணவர்களைவிடச் சற்று எளிது. அந்த மலை விவசாயிகளைப் பாருங்கள். தண்ணீர் தங்கும் பள்ளத்தில் நெல், மழையை நம்பிய சரிவில் சாமை என்று நிலத்தைப் பார்த்துத்தான் பயிரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு பாத்தி வைத்திருக்கும் நமக்கும் அதுதான் பாடம்.

அதே மலைப் பாதையோரம் மஞ்சளும் சிவப்புமாகச் சிறுபூக்கள் கொத்தாகப் பூக்கும் உண்ணிச்செடியையும் கவனியுங்கள். அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த அதை, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காகவே கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. இன்று நம் நாட்டுக் காடுகளில் பெரும்பரப்பை அது பிடித்துக்கொண்டு, புல்லையும் நாட்டுச் செடிகளையும் அமுக்குகிறது. ஆடு மாடுகளுக்கு அதன் இலை நஞ்சு. அதைக் காடெங்கும் நட்ட கைராசிக்காரர் யார்? யாருமில்லை. இடம் பொருந்தியது, வளர்ந்தது. ஆகவே எந்தப் புதிய செடியை வாங்கும்போதும், "இது வேலியைத் தாண்டிப் போகுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

1920-இல் இரண்டு ஆய்வுகள்

இனி, கைராசியைவிடக் கொடிய ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நாட்களில் பெண்கள் தொட்டால் செடி பட்டுப்போகும் என்று சொல்லி, மாணவிகளை அந்த நாட்களில் மல்லிகைக் கொடியின் பக்கமே போகவிடாத வீடுகள் இன்றும் உண்டு. இதற்கு அறிவியல் சாயம் பூசிய கதையும் ஒன்று உண்டு. தொண்டை அடைப்பான் நோய்க்கான தோல் பரிசோதனையைக் கண்ட பேலா ஷிக், புகழ்பெற்ற மருத்துவர். அவர் 1920-இல் வியன்னாவில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாதவிடாயின்போது தம் பணிப்பெண் தொட்ட மலர்கள் வாடின என்றும், உடலில் அப்போது ஒரு நஞ்சு உண்டாகிறது என்றும் அதில் எழுதினார். அப்படி ஒரு நஞ்சு இருப்பதாக அதன்பின் நிறுவப்படவே இல்லை. பெரிய மருத்துவராக இருந்தாலும், ஒரு சில நிகழ்ச்சிகளை வைத்து முடிவு கட்டினால் இப்படித்தான் ஆகும்.

அதே 1920-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்ற இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோடையில் ஆளுயரம் தாண்டி வளர்ந்தும் பூக்காத ஒரு புகையிலை இனம் அவர்களைக் குழப்பியது. சில செடிகளை நாள்தோறும் சில மணி நேரம் இருட்டறைக்குள் வைத்தார்கள். மற்றவற்றை வெளியிலேயே விட்டார்கள். இருட்டில் வைத்தவை பூத்தன. வெளியில் நின்றவை பூக்கவில்லை. பகல், இரவு நீளங்கள் பூப்பதைத் தீர்மானிக்கின்றன என்ற உண்மை இப்படித் துலங்கியது. இதையே ஒளிக்காலத்துவம் என்கிறோம். நம் சாமந்தியும் இரவு நீளும் காலத்தில் பூக்கும் குறும்பகல் தாவரம்தான். இரவெல்லாம் எரியும் தெருவிளக்கின் கீழே அதை நட்டால் பூக்கத் தயங்கும். வீட்டிலோ அதையும் ராசிக்கணக்கில் எழுதிவிடுவார்கள்!

இரண்டு ஆய்வுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்தீர்களா? இரண்டாவது ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு செடிகள் இருந்தன. முதலாவதில் போதிய ஒப்பீடு இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். மல்லிகைத் தோட்டங்களில் விடியற்காலையில் மொட்டுப் பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பருவம் முழுவதும், நாள் தவறாமல் பறிக்கிறார்கள். தொட்டால் கொடி பட்டுப்போகும் என்பது உண்மையானால், தமிழ்நாட்டில் மல்லிகை என்றோ அழிந்திருக்க வேண்டும் அல்லவா?

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே செம்பருத்திச் செடியிலிருந்து ஒரே தடிமனும் நீளமும் உள்ள 20 குச்சிகளை வெட்டுங்கள். ஒரே மண்கலவை நிரப்பிய 20 பைகள். 'ராசிக்காரர்' 10, 'ராசி இல்லாதவர்' 10 நடட்டும். பைகளை எண்ணிட்டுக் கலந்து, ஒரே இடத்தில் வைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். எந்த எண் யார் நட்டது என்பது ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். 40 நாள் கழித்து, அது தெரியாத வேறொருவர் துளிர்த்தவற்றை எண்ணட்டும். ஒன்றிரண்டு வேறுபாட்டைக் கண்டு துள்ள வேண்டாம். அது தற்செயலாகவும் வரும். வகுப்பில் ஐந்து குழுக்கள் இதையே செய்து, எல்லாக் கணக்கையும் கூட்டிப் பாருங்கள். விடையை நான் சொல்வதைவிட நீங்கள் எண்ணிச் சொல்வதுதான் மதிப்புடையது.

முதல் ஆண்டில் மூன்று வகைச் செடிகள் போதும். விதை போட்டுச் செண்டுமல்லி, குச்சி நட்டுச் செம்பருத்தி, அரைநிழலில் கனகாம்பரம். வெயில் கணக்கும் நீர் வடியும் கணக்கும் குறிப்பேட்டில் இருக்கட்டும். ஏதேனும் ஒரு செடி செத்தால் வருந்த வேண்டாம். வேரைப் பிடுங்கிப் பாருங்கள், கணக்கைப் புரட்டுங்கள், காரணத்தைத் தேடுங்கள். தங்கையோ அக்காவோ எந்த நாளிலும் அந்தப் பாத்தியில் கை வைக்கட்டும். அப்படி ஒரு தோட்டத்தை உங்கள் வாசலில் உண்டாக்கினால், பூக்களோடு சேர்ந்து அறிவியல் மனப்பான்மையும் அங்கே வளரும்.