கேட்கத் தெரிந்தவர் கிடைத்தால்

என் பேரன் காதில் எதையோ செருகிக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பான். என்னடா கேட்கிறாய் என்றால், ஒரு பெரிய விஞ்ஞானியின் பேட்டி தாத்தா, மூன்று மணி நேரம் என்பான். நானும் அப்படிச் சிலவற்றைக் கேட்டுப் பார்த்தேன். பேட்டி எடுப்பவர் பாதி நேரம் வியந்துகொண்டே இருக்கிறார். மீதி நேரத்தில், உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன, இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்கிறார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் உலகத்தில் யாரும் உருப்படியான பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பெரியவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் எழுதிய புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். நேரில் பேசும்போதுதான், அவர்களுக்குத் தெரிந்தது எந்த இடத்தில் முடிகிறது என்று வெளியே வரும். அந்த இடத்துக்குப் போகாத பேச்சு வெறும் உபசாரம் என்பது என் கட்சி.

கும்பகோணத்தில் 1880 அக்டோபரில் நடந்த ஒரு பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் 'என் சரித்திரம்' படித்திருப்பீர்கள். உ.வே.சாமிநாதையருக்கு அப்போது இருபத்தைந்து வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர். தியாகராச செட்டியார் இருந்த இடத்தில் கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று ஐயர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார்!

நம்மில் ஒருவராக இருந்தால் அந்த இடத்திலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்போம். ஐயருக்கும் மனம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் உட்கார்ந்திருந்தார். முதலியார் விடவில்லை. முன்சீப் அல்லவா, குறுக்கு விசாரணை அவருக்குக் கை வந்த கலை! சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். தாம் படித்ததில்லை, தம் ஆசிரியரும் படித்ததில்லை என்று ஐயர் உள்ளதைச் சொன்னார். அந்தக் காலத்தில் ஆசிரியரைப் பற்றி அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

பிறகு முதலியார் சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்தார். இத்தனை படித்த நமக்கு இது எம்மாத்திரம் என்று ஐயர் பிரித்தால், பல இடங்கள் விளங்கவில்லை. அது சமண காவியம். சைவ மடத்தில் படித்தவருக்கு அதன் சமயச் சொற்கள் புதிது. அவர் என்ன செய்தார் தெரியுமா? கும்பகோணத்தில் இருந்த சமணர்களின் வீடு தேடிப் போனார். அந்த வீடுகளில் சிந்தாமணி சமய நூலாகவே வழக்கத்தில் இருந்தது. கல்லூரி ஆசிரியர் அவர்கள் முன் மாணவனாக உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். 1887-ல் சிந்தாமணி அச்சேறியது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. அன்று ஐயர் கௌரவம் பார்த்து எழுந்து வந்திருந்தால் இந்த ஏடுகளில் எத்தனை செல்லுக்கு இரையாகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதே கும்பகோணம் கல்லூரியில் 1904-ல் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதைக் கோட்டைவிட்டவர் இராமானுஜன். லண்டனுக்குப் பக்கத்தில் பட்னியில் அவர் நோயாகப் படுத்திருந்தபோது ஹார்டி பார்க்கப் போன கதை எல்லோருக்கும் தெரியும். தான் வந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார் ஹார்டி. இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்றார் இராமானுஜன். ஒன்றின் கனத்தோடு பன்னிரண்டின் கனம், ஒன்பதின் கனத்தோடு பத்தின் கனம். மேடையில் கைதட்டல் வாங்க இது போதும். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த பகுதி, அதை யாரும் சொல்வதில்லை. ஹார்டி அதோடு விடாமல், நான்காம் படிக்கு இப்படி ஓர் எண் உண்டா என்று கேட்டார். இராமானுஜன் சற்று யோசித்துவிட்டு, உடனே ஒன்றும் தோன்றவில்லை, இருந்தால் மிகப் பெரிய எண்ணாகத்தான் இருக்கும் என்றார். மேதை தனக்குத் தெரியாது என்று சொன்ன இடம் இது. சொன்னதும் சரிதான். அந்த எண் 635318657.

எல்லாப் பெரியவர்களும் இப்படி இருந்துவிடவில்லை. சுப்ரமணியன் சந்திரசேகர் கேம்பிரிட்ஜில் நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் துறையின் ஜாம்பவான் எடிங்டன் அடிக்கடி அவர் அறைக்கு வந்து, கணக்கு எதுவரை ஆயிற்று என்று பார்த்துப் போவார். மாதக்கணக்கில் நடந்த பேச்சு அது. ஒருநாளாவது தன் மறுப்பை நேருக்கு நேர் சொல்லிக் கேட்டிருக்கலாம். 1935 ஜனவரி 11 அன்று சந்திரசேகர் சபையில் பேசி முடித்ததும் எடிங்டன் எழுந்து, இயற்கை இப்படி அபத்தமாக நடக்காது என்று கேலி செய்து உட்கார்ந்தார். சபை சிரித்தது. போர், பௌலி போன்றவர்கள் தனிப்பட்ட முறையில் சந்திரசேகர் பக்கமே நியாயம் என்றார்கள், ஆனால் வெளியில் வந்து சொல்லவில்லை. 1983-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. இருவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள் என்பது வேறு விஷயம். எடிங்டன் அறியாதவர் அல்லர். தன் அறிவு எங்கே முடிகிறது என்று பார்க்க மறுத்தார், அவ்வளவுதான்.

1930 ஜூலையில் ஐன்ஸ்டைனும் தாகூரும் பேசியதைப் பலர் சிலாகிப்பார்கள். மனிதன் இல்லாவிட்டாலும் உண்மை இருக்குமா என்பது விவாதம். வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் மேஜை மேஜைதானே என்கிறார் ஒருவர், மனித மனத்தை விட்டால் உண்மைக்கு என்ன பொருள் என்கிறார் மற்றவர். இருமுறை படித்தேன். இருவரும் அவரவர் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. புகைப்படத்துக்கு அழகு, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உங்களில் யாராவது மறுத்தால் கேட்கத் தயார்.

நம் ஊர்க் கூட்டங்களைப் பாருங்கள். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். கேள்விக்கு ஐந்து நிமிடம், அதுவும் காபி வந்துவிட்டால் கிடையாது. பொன்னாடையைக் குறைத்துக் கேள்விக்கு அரை மணி கொடுங்கள் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் சொன்னேன். சிறப்பு விருந்தினர் மனம் நோகாதா என்று ஒருவர் கவலைப்பட்டார். நொந்தால் நோகட்டும் ஐயா, அவர் விவரம் தெரிந்தவர் என்றுதானே கூப்பிடுகிறோம்?

அடுத்த மாதம் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் ஏரிகளைப் பற்றிப் பேச வருகிறார். முப்பது வருஷம் கரையிலேயே நடந்தவர். இத்தனை அனுபவத்துக்குப் பிறகும் உங்களுக்குப் பிடிபடாத ஏரி எது, ஏன் என்று கேட்கப் போகிறேன். முன்வரிசையில் இடம் பிடிக்கச் சீக்கிரமே போக வேண்டும்.