கேட்கப்படாத கேள்வி

ஆபிரிக்காவின் அத்திலாந்திக் கரையிலுள்ள மேற்குச் சஹாரா ஸ்பெயினின் குடியேற்ற நாடாயிருந்தது. அந்நிலத்தின்மீது மொரோக்கோவுக்கு இறைமை இருந்தமை நிறுவப்படவில்லையெனச் சர்வதேச நீதிமன்றம் 1975 ஒக்டோபரிற் கருத்துரைத்தது. மறு மாதமே மொரோக்கோ எல்லை கடந்தது. 1991இற் போர் ஓய்ந்தபோது, "சுதந்திரமா, இணைப்பா?" எனச் சஹ்ராவி மக்களையே கேட்பதாக ஐக்கிய நாடுகள் சபை வாக்களித்தது. அச்சர்வசன வாக்கெடுப்பு இன்றுவரை நடைபெறவில்லை. அல்ஜீரியாவின் திந்தூப் அகதி முகாம்களில் தலைமுறைகள் பிறந்து வளர்ந்துவிட்டன.

இரங்குவது எளிது, தோழமை பூணுதல் அரிது. அம்மக்களின் சம்மதமின்றி அவர்தம் நிலமும் கடலும் வர்த்தக உடன்படிக்கைக்குள் அடங்கா என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 ஒக்டோபரிற் தீர்ப்பளித்தது. உண்மைத் தோழமைக்கும் அளவுகோல் அச்சம்மதமே. மொரோக்கோ தர முன்வரும் தன்னாட்சி போதுமா, போதாதா? விடை கூறவேண்டியவர் சஹ்ராவி மக்களே. அவர்களைக் கேட்கும்படி உலகை வற்புறுத்துவது நம் கடன்.