பிறை எலும்பின் எந்தப் பக்கம்?
கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியைக் கடக்கும்போதெல்லாம், முதுகெலும்பு முறிந்த நோயாளிக்கு அங்கே எக்ஸ்ரே பார்க்க மருத்துவர் நீல்ரதன் சர்க்கார் கேட்டிருப்பதாக ஜகதீஷ் சந்திர போஸ் தாகூருக்கு எழுதிய கடிதம் நினைவுக்கு வரும். அதே நகரில் இன்று மணிக்கட்டைப் பிடித்தபடி வரும் மெட்டியாபுரூஸ் தையல்காரரைச் சுளுக்கு என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடலாகாது. ரத்தம் வராமல் மணிக்கட்டின் பிறை எலும்பு மடியும் கீன்பெக் நோய் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது; எம்ஆர்ஐயில்தான் அகப்படும். அந்தப் படத்தில் கருமை எலும்பெங்கும் பரவியிருந்தால் பெரும்பாலும் கீன்பெக். சுண்டுவிரல் பக்க மூலையில் மட்டும் படிந்திருந்தால், முன்கையின் நீண்ட அல்னா எலும்பு வந்து இடிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்தச் சின்ன மூலையை எத்தனை பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது! கீன்பெக்கில் பல நேரம் முன்கையின் மற்றோர் எலும்பான ரேடியஸை வெட்டிக் குறைப்பார்கள், மற்றதில் அல்னாவை.